மெக்கார்ட்னி ஏன் கட்டையை இறக்குவதில்லை?

கேள்வி, 2025 ஜனவரி 4

அண்ணே, போன மாசம் லண்டன் ஓ2 அரங்குல பழைய பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னி பாடின துண்டுகளைப் பார்த்தேன். 82 வயசு, ஆள் அசரவே இல்ல, ஆனா மேல போற இடமெல்லாம் குரல் உடையுது. ராபர்ட் பிளாண்ட் 2007-ல அதே ஓ2-வுல லெட் செப்பலின் பாட்டு பலதையும் இறக்கித்தான் பாடினார். எல்டன் ஜானும் இறக்கிட்டார். இவர் மட்டும் ஏன் அதே கட்டையைப் பிடிச்சுத் தொங்குறார்? பீட்டில்ஸ் பாட்டை விடுங்க, 'மேபி ஐம் அமேஸ்ட்' மாதிரி சொந்தப் பாட்டையாவது இறக்கலாம்ல?

ஜனவரி 4, இரவு

இறக்கத்தான் வேண்டும். என் முதல் பதில் அதுதான்.

ஆனால் அவர் இறக்கவில்லை என்பதை முதலில் நிச்சயம் பண்ணிக்கொள்ளுங்கள் தம்பி. வயதான குரலை வைத்துக் கட்டையை, அதாவது பாட்டு நிற்கும் ஆதார சுருதியை, கணிக்கக் கூடாது. குரலில் அடர்த்தி குறைந்தால் காது ஏமாறும். சிலருக்கு உயரே போனதுபோலக் கேட்கும், சிலருக்கு இறங்கிவிட்டதுபோல. குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் வந்து உட்காருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்தால் போதும். 'ஹே ஜூட்' 1968 இசைத்தட்டில் எஃப், அதாவது (சி 1, டி 2 என்று எண்ணிக்கொண்டு போனால்) 4 கட்டை. 2022 கிளாஸ்டன்பரி இசை விழாவிலும் 4 கட்டைதான். 'லெட் இட் பி' 1 கட்டை, 'ஜெட்' 6 கட்டை, 'மேபி ஐம் அமேஸ்ட்' 2 கட்டை.

ஒரு எச்சரிக்கை. வித்தியாசம் அரைக் கட்டைக்கும் குறைவாக வந்தால் அது பாடகர் செய்ததல்ல, பதிவின் வேகக் கோளாறு. இணையத்தில் ஏற்றுகிறவர்கள் வேகத்தை லேசாகக் கூட்டிக் குறைத்து வைத்திருப்பதும் உண்டு. ஒரே நிகழ்ச்சியின் மூன்று பாட்டை எடுத்துச் சோதியுங்கள். மூன்றும் ஒரே அளவு விலகினால் பதிவைச் சந்தேகியுங்கள்.

ஜனவரி 5

'மேபி ஐம் அமேஸ்ட்' 2 கட்டை என்று எழுதியதற்கு ஆட்சேபம் வந்திருக்கிறது. நியாயம்தான். முகப்பில் பியானோ விழும் முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) பி ஃபிளாட், அதாவது 6½ கட்டை. அங்கிருந்து எஃப், சி, ஜி என்று நகர்ந்து பிறகுதான் டி-யில் போய் நிற்கும். முதல் கார்டை மட்டும் கேட்டுவிட்டு 'ஆறரைக் கட்டைப் பாட்டு' என்று முடிவு கட்டினால் தவறு. பாட்டு இளைப்பாறும் இடம் டி. 'இரண்டில் முடிகிறது' என்று எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 6

இறக்குவது ஏன் அவ்வளவு சுலபமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்நாடகக் கச்சேரியில் தம்புராவை அரைக் கட்டை இறக்கினால் எல்லோரும் அதற்குச் சேர்ந்துகொள்வார்கள். கிட்டார் குழுவில் பாட்டே திறந்த தந்திகளின் மேல் கட்டப்பட்டிருக்கும்.

'ஹெல்டர் ஸ்கெல்டர்', 'லெட் மீ ரோல் இட்' இரண்டும் ஈ, அதாவது 3 கட்டை. கிட்டாருக்கும் பேஸுக்கும் ஆகக் கீழே இருக்கும் தந்தி ஈ. அதைத் திறந்தபடி மீட்டும்போது வருகிற கனம்தான் அந்தப் பாட்டுகளின் அடித்தளம். ஒரு முழுச் சுரம் இறக்கி டி-யில் வாசித்தால் அந்த அடிச் சுரம் நாலு தந்தி பேஸில் இல்லவே இல்லை. தந்தியைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் ஐந்து தந்தி பேஸ் எடுக்க வேண்டும். மெக்கார்ட்னி மேடையில் எடுப்பது ஹாஃப்னர் வயலின் பேஸ். அதன் தந்தி நீளம் 30 அங்குலம்தான், ஃபெண்டர் பேஸுக்கு 34. குட்டை நீளத்தில் தந்தி ஏற்கெனவே தொய்வாக இருக்கும். இன்னும் தளர்த்தினால் துவண்டுபோய் கழுத்தின் குறுக்குக் கம்பியான ஃப்ரெட்டில் அடித்து ஓசை கொடகொடக்கும்.

'பிளாக்பேர்ட்' இன்னும் கஷ்டம். ஜி, அதாவது 5 கட்டை. கீழே ஒரு விரல், மேலே ஒரு விரல் என்று ஜோடி சுரங்கள் கழுத்து நெடுக ஓட, நடுவில் திறந்த ஜி தந்தி தம்புரா மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும். வேறு கட்டைக்குக் கொண்டுபோனால் அந்தத் தந்தி ஒத்துவராது. கேபோ, அதாவது கழுத்தில் மாட்டும் கவ்வி, போட்டால் கட்டை ஏறத்தான் செய்யும், இறங்காது. ஆக, 'பிளாக்பேர்ட்' இறங்க வழியில்லை.

ஜனவரி 7

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். வழி இருக்கிறது. அதையும் அவரே 1965-லிருந்து செய்துகொண்டிருக்கிறார்.

'யெஸ்டர்டே' எஃப்-இல் ஒலிக்கும் பாட்டு. அவர் விரல் வைப்பதோ ஜி வடிவத்தில். ஆறு தந்தியையும் ஒரு முழுச் சுரம் தளர்த்திய கிட்டார் அது. 1964-இல் வாங்கிய எபிஃபோன் டெக்சனை இன்றும் அந்தப் பாட்டுக்கு மேடைக்குக் கொண்டுவருகிறார். அதே கிட்டாரில் 'பிளாக்பேர்ட்' விரல்வைப்பை அப்படியே வாசித்தால் தானாகவே 4 கட்டைக்கு இறங்கிவிடும். திறந்த தந்தியும் சேர்ந்தே இறங்கும் என்பதால் எதுவும் கெடாது.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு: அரைக் கட்டை வரை இருக்கிற தந்தியே தாங்கும். முழுச் சுரம் இறக்கினால் ஒரு படி தடித்த செட் போடுங்கள், 12 அளவுத் தடிமன் போட்டிருந்த இடத்தில் 13. போடாவிட்டால் ஆறாவது தந்தி இரையும், அழுத்திப் பிடிக்கும்போது சுருதி மேலேறும். இறக்கியவுடன் வாசிக்காதீர்கள். தந்தியும் கழுத்தும் நிலைபெறக் கொஞ்ச நேரம் விட்டு, இரண்டு மூன்று முறை திரும்பச் சுருதி சேருங்கள்.

பியானோப் பாட்டுகளில் டிஜிட்டல் கீபோர்டு வாசிப்பவருக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அசல் பியானோ என்றால் ஐம்பது வருடம் ஊறிய விரல் புதிதாகப் பழக வேண்டும், கூடவே பாடவும் வேண்டும். சிரமம்தான், முடியாததல்ல. கருவிகளைக் காரணம் காட்டி அவரைக் காப்பாற்ற முடியாது என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன்.

ஜனவரி 9

குரலுக்கு வருவோம். 'உடையுது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மூன்று தனித்தனிச் சங்கதிகள் இதில் கலந்திருக்கின்றன.

ஒன்று, குரல் நாண்கள் வயதில் மெலிந்து லேசாக வளைந்துவிடும். இரண்டும் ஒட்டி மூடும்போது நடுவில் சிறு இடைவெளி விழுந்து, அதன் வழியே காற்று கசியும். பிசிறும் காற்றோசையும் அதனால்தான். இரண்டு, நெஞ்சுக்கூடு இறுகி நுரையீரலின் மீள்தன்மை குறைவதால் மூச்சு நீளாது. 1976-இல் இழுத்து நிறுத்திய சுரத்தை இன்று பாதியில் வெட்டுகிறார் என்றால், சுரம் எட்டாததால் அல்ல, மூச்சு தீர்ந்ததால். மூன்று, நெஞ்சுக் குரலிலிருந்து தலைக் குரலுக்கு மாறும் படி. டெனர் ஆண்களுக்கு அது நடு சி-க்கு மேல் வரும் ஈ, எஃப் பக்கம் இருக்கும். இளமையில் அந்தப் படி தெரியாமல் வழுக்கிக்கொண்டு போய்விடலாம். நாண்களின் நெகிழ்வு போனபின் அந்த இடத்தில் கால் தடுக்கும். மெக்கார்ட்னியின் மெட்டுகள் பல அந்தப் படியின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அரைக் கட்டையோ முழுச் சுரமோ இறக்கச் சொல்வது இதனால்தான். ஆக உச்சத்தில் இருக்கும் ஒரு சுரத்துக்காக அல்ல, நூறு முறை கடக்க வேண்டிய இந்தப் படிக்காக.

இன்னொன்று பலருக்கும் தலைகீழாகப் படும். கத்திப் பாடும் பாட்டு கடைசிவரை நிற்கும், மெதுவாகப் பாடும் பாட்டுதான் முதலில் போகும். கத்தும்போது கீழிருந்து வரும் காற்றழுத்தம் நாண்களை வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிடும், கரகரப்பு ஓட்டையை மூடிவிடும். மென்மையாக எடுக்கும்போது அந்த அழுத்தம் கிடையாது. கசிவு வெட்டவெளியில் தெரியும். 80 வயதில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' கம்பீரமாக நிற்பதும், ஒற்றைக் கிட்டாரோடு 'ஹியர் டுடே' நடுங்குவதும் இந்தக் கணக்கில்தான்.

ஜனவரி 9, பின்னிரவு

மேலே எழுதியதை வைத்து கிளாஸ்டன்பரி வரிசையை மறுபடி பார்த்தேன். குறை கட்டையில் மட்டும் இல்லை, வரிசையிலும் இருக்கிறது. '1985', 'மேபி ஐம் அமேஸ்ட்' இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிவிட்டு, இடையில் சில இலகுவான பாட்டுகள் போனதும் தனி மனிதராக நின்று 'பிளாக்பேர்ட்', உடனே 'ஹியர் டுடே'. பலமாகப் பாடியபின் நாண்களில் லேசான வீக்கம் இருக்கும். வீங்கிய நாணுக்கு ஆகக் கடினமான வேலை மெல்லிய குரலில் மேல் சுரத்தைத் தொட்டு எடுப்பது. இந்த இரண்டும் நிகழ்ச்சியின் முதல் அரைமணிக்குள் வந்தால் கட்டையைத் தொடாமலேயே பாதிப் பிசிறு குறையும்.

ஜனவரி 10

'அவர் மேடையில தண்ணியே குடிக்கிறதில்ல, அதான் தொண்டை காயுது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குடிப்பதில்லை என்பது உண்மை. முடிவு தவறு. விழுங்கும் தண்ணீர் உணவுக்குழாயில் போகிறது, குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. உடலின் நீர்ச்சத்து நாண்களின் சவ்வுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். மேடையில் குடிக்கும் மடக்கால் வாய் வறட்சி தீரும், அவ்வளவுதான். பகல் முழுக்கக் குடித்தாரா என்பதே கேள்வி.

அதைவிடக் கவனிக்க வேண்டியது அவருடைய ஒலிச் சோதனை. நிகழ்ச்சிக்கு முன்பு நிகழ்ச்சிப் பட்டியலில் இல்லாத பாட்டுகளாக எடுத்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் வாசிப்பார். தொண்டையைச் சூடுபடுத்திக்கொள்ள அது உதவும்தான். அதன்மேல் இரண்டரை மணிநேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாத நிகழ்ச்சி. எண்பதைத் தாண்டியவருக்கு இந்தக் கூட்டுத்தொகை அதிகம்.

ஜனவரி 12

எப்போது மாறியது என்று கேட்டிருந்தீர்கள். அதிகாரபூர்வமாக வெளிவந்த மேடைப் பதிவுகளையே படிக்கட்டாக வைத்துக்கொள்ளலாம்.

1976, 'விங்ஸ் ஓவர் அமெரிக்கா'. வயது 33, 34. 'மேபி ஐம் அமேஸ்ட்' 1970 இசைத்தட்டில் தனியாளாக எல்லாக் கருவியும் வாசித்துப் பதிந்த பாட்டு, அப்போது தனி வெளியீடாக வரவில்லை. இந்த மேடை வடிவம்தான் 1977-இல் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போனது. சொற்களின் விளிம்பில் வேண்டுமென்றே கிழித்துப் பாடுகிறார், கிழித்த அடுத்த நொடியே சுத்தமான குரலுக்குத் திரும்புகிறார். அந்தத் திரும்பல்தான் பின்னாளில் போனது. கிழிப்பு இன்றும் இருக்கிறது.

1990, 'டிரிப்பிங் தி லைவ் ஃபென்டாஸ்டிக்'. வயது 47. அடர்த்தி கூடியிருக்கிறது. எனக்கு இதுதான் அவருடைய மேடைக் குரலின் உச்சம். மரக்கானா மைதானத்தில் 1,84,000 பேருக்குப் பாடியது அந்தச் சுற்றில்தான்.

1999. மேடைப் பதிவு இல்லாவிட்டாலும் 'ரன் டெவில் ரன்' கேளுங்கள். 56 வயதில் ஒரே வாரத்தில் பதிந்த ராக் அண்ட் ரோல் பாட்டுகள். கத்தலில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

2002, 'பேக் இன் தி யு.எஸ்.' இன்றைய குழு சேர்ந்த சுற்று. ரஸ்டி ஆண்டர்சன், பிரையன் ரே, ஏப் லபோரியல் ஜூனியர். கீபோர்டு வாசிக்கும் விக்ஸ் மட்டும் 1989-இலிருந்தே இருப்பவர். மேல் குரல்களை இவர்கள் தாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

2009, 'குட் ஈவினிங் நியூயார்க் சிட்டி'. 67 வயது. மேல் சுரங்கள் கிடைக்கின்றன, உடம்பில்லாமல் கிடைக்கின்றன. 2012 ஒலிம்பிக் தொடக்க விழா 'ஹே ஜூட்' வரும்போது பொதுமக்களே கவனித்துவிட்டார்கள்.

2022 கிளாஸ்டன்பரி. 80 முடிந்து ஒரு வாரம்.

ஜனவரி 13

படிக்கட்டில் இரண்டு பலகை ஆடுகிறது, சொல்லாமல் விட்டது என் தவறு. 'விங்ஸ் ஓவர் அமெரிக்கா' அப்படியே மேடையில் எடுத்தது அல்ல, பின்னால் ஸ்டுடியோவில் மெருகேற்றப்பட்டது. கிளாஸ்டன்பரியோ நேரடி ஒளிபரப்பு. மெருகேற்றியதையும் ஏற்றாததையும் அருகருகே வைத்தால் சரிவு உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியும்.

ஒளிபரப்புக் கலவையில் மேடை மைக் நேராக வரும், மைதானத்தின் எதிரொலி குறைவாகச் சேரும். நேரில் நின்றவர்கள் 'நன்றாகத்தான் இருந்தது' என்பதும் வீட்டில் பார்த்தவர்கள் 'உடைந்தது' என்பதும் இரண்டுமே உண்மை. கைப்பேசிப் பதிவில் வேறு தொல்லை: சத்தம் கூடும்போது மைக் தானே அடக்கிக்கொள்ளும், குறையும்போது தூக்கிவிடும். மெல்லிய பாட்டுகளில் பிசிறு உள்ளதைவிடப் பெரிதாகக் கேட்பதற்கு அதுவும் காரணம்.

எதிர்த் திசையிலும் ஒன்று. 1980 'கமிங் அப்' ஸ்டுடியோ வடிவத்தின் குரல் வேகம் மாற்றிச் செய்தது. அதை அளவுகோலாக வைத்து எந்த மேடையையும் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது 1979 டிசம்பரில் கிளாஸ்கோவில் எடுத்த மேடை வடிவம்தான்.

ஜனவரி 18

'சொந்தப் பாட்டையாவது' என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்கு எண்ணம் மாறியிருக்கிறது.

கட்டையை இறக்காத மனிதர், இசைத்தட்டில் இன்றைய குரலுக்கென்றே எழுதிக்கொண்டிருக்கிறார். 2012-இல் பழைய ஜாஸ் பாட்டுகளை மைக்கை ஒட்டி முணுமுணுப்பாகப் பாடிய தொகுப்பு. அதில் அவர் எழுதிய 'மை வேலன்டைன்' அந்தக் காற்றுக் குரலை மறைக்காமல் அதையே நிறமாக்கிக்கொள்கிறது. 2013 'நியூ' தொகுப்பில் ஈதன் ஜான்ஸ் தயாரித்த 'ஏர்லி டேஸ்'. பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனனோடு சுற்றிய இளமையைப் பற்றிய பாட்டு. குரல் கரகரக்கிறது, சில இடத்தில் தேய்கிறது, திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். 25 வயதுக் குரலில் அந்தப் பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

பிறகு 2020 'மெக்கார்ட்னி 3'. பொதுமுடக்கத்தில் சசெக்ஸில் இருக்கும் தன் ஸ்டுடியோவில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தானே வாசித்தது. 'விமன் அண்ட் வைவ்ஸ்' கீழே இறங்கி, மந்திர ஸ்தாயிப் பக்கம் நின்று பாடுகிறார். அந்த அடர்த்தி அவருடைய இளமைப் பதிவுகளில் கிடையாது. 'தி கிஸ் ஆஃப் வீனஸ்' நேர் எதிர், மேலே மெல்லிய நூல் மாதிரி, கிட்டத்தட்டக் கள்ளக் குரல். நான் சொன்ன அந்தப் படியில் கால் வைக்காமலே கீழும் மேலும் பாடுகிறார்.

தொகுப்பின் கடைசிப் பாட்டில் 'வென் வின்டர் கம்ஸ்' வருகிறது. அது 1992-இல் பதிந்தது. ஒரே வட்டில் 50 வயதுக் குரலும் 78 வயதுக் குரலும். ஹெட்ஃபோனில் 'விமன் அண்ட் வைவ்ஸ்' முடிந்ததும் நேராக அதற்குத் தாவிக் கேளுங்கள். 28 வருடத்தில் குரலிலிருந்து போனதும் குரலுக்கு வந்ததும் இரண்டுமே தெரியும்.

கிளாஸ்டன்பரியில் 'மெக்கார்ட்னி 3'-இலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. 1970-இன் கட்டையை இறக்கச் சொல்வதைவிட, 2020-இல் தனக்கென்று தைத்துக்கொண்ட சட்டையை மேடையில் போடச் சொல்வதே சரி என்று இப்போது நினைக்கிறேன்.

ஜனவரி 19

திருத்தம். 2022 அமெரிக்கச் சுற்றில் 'விமன் அண்ட் வைவ்ஸ்' பாடினார். கிளாஸ்டன்பரிக்கு வரும்போது எடுத்துவிட்டார். முயன்று பார்க்கவே இல்லை என்ற தொனி என் பதிவில் இருந்தால் அது பிழை. 'மை வேலன்டைன்' கிளாஸ்டன்பரியிலும் இருந்தது. அந்த மாலையில் குரல் ஆகச் சௌகரியமாக இருந்த நிமிடங்கள் அவை.

ஜனவரி 21

'மல் ஆஃப் கின்டையர்' பற்றிக் கேட்டவருக்கு. 1977, பிரிட்டனில் இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் தனிப்பாட்டு. 6 கட்டையில் தொடங்கி, பைப் வாத்தியங்கள் நுழையும்போது 2 கட்டைக்குத் தாவும். இந்த ஒரு பாட்டில் கட்டையை இறக்கு என்று யாரும் கேட்க முடியாது. ஸ்காட்லாந்து பைப்பின் சுருதி நாணல் நாக்கிலும் குழலின் துளையிலும் அடங்கியிருக்கிறது. டேப் ஒட்டித் துளையைச் சுருக்கினால் இழையளவு நகரும், அவ்வளவே. பைப் ஊத வந்தவரிடம் ஒரு கட்டை இறக்குங்கள் என்றால் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். நல்லவேளை, மெட்டு தாழ்வாகவே போகிறது. இன்றைய குரலுக்கும் பொருந்தும்.

பிப்ரவரி 15

இந்த வாரம் நியூயார்க் பவரி பால்ரூமில் 11, 12, 14 தேதிகளில் திடீரென்று அறிவித்து மூன்று இரவு பாடியிருக்கிறார். அறுநூறு பேருக்கும் குறைவாகவே கொள்ளும் மன்றம். மைதானத்தில் கடைசி வரிசைவரை வீச வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. ஒலிபெருக்கி எவ்வளவு இருந்தாலும் கூட்டத்தின் அளவைப் பார்த்துத் தொண்டை தானாக அழுத்தும். பாடுகிற எவருக்கும் இது தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் 'ஏர்லி டேஸ்' ஒன்றை ஒற்றைக் கிட்டாரோடு பாடினால் கட்டை பற்றி இங்கே ஒருவரும் வாய் திறக்கமாட்டோம்.

தம்பி, 'ஹியர் டுடே' எந்த வடிவம் கேட்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் 1982 'டக் ஆஃப் வார்' தொகுப்பில் நரம்பு வாத்திய நால்வரோடு வருவது. பிறகு 2009 நியூயார்க். பிறகு கிளாஸ்டன்பரி. மூன்றாவதைக் கேட்கும்போது மட்டும் கீபோர்டை மூடி வைத்துவிடுங்கள்.